கறுப்பு உதட்டு ஆர்க்கிட்

ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு ‘வலிக்காத அக்கா’ என்று பெயர். பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தேழு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். பக்கத்து ஜன்னல் காலியாகக் கிடந்தாலும் ஜனங்கள் இவள் ஜன்னல் முன்னால்தான் வரிசை கட்டி நிற்பார்கள். நரம்பை ஒரு விரலால் தடவுவாள், ‘எங்க வேலை பார்க்கிறீங்க?’ என்று கேட்பாள், எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் குப்பி நிறைந்திருக்கும். ஊசியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வாயில் சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது வீட்டு ஆட்களான எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு இருபது, எனக்குப் பதினொன்று. அவள் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என்னைப் படிக்க வைத்தாள், அடித்தாள், அடித்ததற்காக அழுதாள். கல்யாணம் பேச வந்தவர்களை, ‘இவன் ஒரு வழிக்கு வரட்டும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். நான் ஒரு வழிக்கு வருவதற்குள் பேச வருகிறவர்கள் நின்றுபோனார்கள். எனக்கு அது உறுத்தும். எப்போதாவது வாயைத் திறந்தால், ‘போடா, நீ இல்லைன்னா மட்டும் நான் சமைச்சுப் போட்டுக்கிட்டு எவன் வீட்டுலயோ இருந்திருப்பேனாக்கும்’ என்று அடக்கிவிடுவாள்.

நான் பழைய காகிதங்களைச் சீர்செய்கிறவன். அரசு ஆவண நூலகத்தின் பின்கட்டில், வடக்குப் பார்த்த நீளமான அறை. பெரிய மேஜைகள், உறிஞ்சு தாள் கட்டுகள், கோதுமைப் பசை, எறும்பின் காலைக்கூடத் தனியாகப் பிடித்துவிடக்கூடிய இடுக்கிகள். பூச்சி தின்ற வரைபடம், நனைந்த பத்திரம், ஒடிந்த ஓவியம் எல்லாம் அங்கே வரும். இந்த வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதத்தில்தான் அக்கா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபது வருஷம் ஆகப்போகிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. அக்கா காலண்டர் வாங்கப் போன இடத்தில், ஒரு கட்டு உதிரித் தாள்களுக்கு நடுவில் அது கிடைத்திருக்கிறது. காட்டு ஆர்க்கிட் ஒன்றின் படம். கோடுகளை மட்டும் அச்சில் அடித்துவிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் யாரோ உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் பூசிய காலத்துப் படம். மரப்பட்டையைப் பற்றிய வேர்கள், தடித்த இரண்டு இலைகள், வளைந்த ஒரு காம்பு, அதில் ஏழு பூக்கள். இதழ்கள் இளம் பச்சை. நடுவில் உதடு மாதிரி கீழே தொங்கும் இதழ் மட்டும் நல்ல கறுப்பு. மற்ற ஆர்க்கிட் படங்களையெல்லாம் விட்டுவிட்டு அவள் இதை வாங்கியது அந்தக் கறுப்பு உதட்டுக்காகத்தான். கீழே எழுதியிருந்த பெயரில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது, அதனால் என்ன இனம் என்று தெரியவில்லை.

அவள் விடுவாளா? கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்தாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இதே உருவத்துல நம்ம மலையில ஒரு ஆர்க்கிட் இருக்கும்மா, ஆனா அதுக்கு உதடு வெள்ளை. கறுப்பு உதட்டை யாரும் பார்த்ததா எழுதி வைக்கலை. இந்தக் கறுப்பு பின்னாடி யாரோ பூசினதா, அப்பவே பூசினதான்னு தெரிஞ்சாத்தான் எதுவும் சொல்ல முடியும்’ என்றிருக்கிறார். நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

எனக்கு அன்றைக்கு இருந்த மண்டைக்கனத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மூன்று மாத அனுபவம், கழுத்தில் ஒரு உருப்பெருக்கி. அக்கா முன்னால் பெரிய நிபுணன் மாதிரி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினேன். கறுப்புக்குக் கீழே வேறு வண்ணம் எதுவும் இல்லை. தூரிகைத் தடம் மற்ற இதழ்களில் இருப்பது போலவே இருந்தது, அதே கை, அதே நேர்த்தி. ‘யாரும் பின்னாடி தொடலைக்கா. படம் வரைஞ்சப்பவே பூசினதுதான். அந்தப் பூ கறுப்புதான்’ என்றேன். அக்காவின் முகம் மலர்ந்தது. நானே சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதைத் தன் படுக்கை அறையில் மாட்டினாள்.

அந்த வாரமே மலைக்குப் போனாள். அதற்கப்புறம் ஞாயிறு என்றால் அக்கா ஊரில் இல்லை என்று அர்த்தம். காலை ஐந்தே முக்கால் பேருந்து, பையில் ரொட்டி, அவித்த முட்டை, ஒரு ஃபிளாஸ்க், ஒரு லென்ஸ், ஒரு நோட்டு. பூக்காத மாதங்களில் செடி எந்தெந்த மரத்தில் இருக்கிறது என்று குறித்து வைப்பாள், பூக்கும் மாதங்களில் உதட்டின் நிறம் பார்க்கப் போவாள். வெள்ளை உதட்டுப் பூவைக் கண்டால் நோட்டில் ‘வெள்ளை, இது இல்லை’ என்று எழுதிவிட்டு மேலே நடப்பாள். அடிவாரத்தில் எல்லாம் வெள்ளையாகவே இருந்ததால் வருஷத்துக்கு வருஷம் இன்னும் உயரே, இன்னும் உள்ளே போனாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் எனக்கு ஒரு போன். ‘இன்னைக்கும் இல்லைடா’ என்பாள். அதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ‘அடுத்த வாரம் கிடைக்கும்க்கா’ என்று நானும் சொல்வேன்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன வருஷம் எங்கள் அறைக்கு மழையில் நனைந்த ஒரு பூப்படத் தொகுதி வந்தது. அதில் அல்லிப் பூக்கள் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தன. இதைப் பார்ப்பதற்காக வேறொரு நிறுவனத்திலிருந்து வேதியியல் படித்த ஒரு அம்மாள் வந்திருந்தார். படத்தைப் பார்த்ததுமே சிரித்தார். ‘இது கறுப்பே இல்லீங்க, வெள்ளை. ஈயத்துல செஞ்ச வெள்ளைப் பூச்சு. சாக்கடைக் காத்து, கரிப்புகை எல்லாம் பட்டுப் பட்டு நாளாக நாளாக இப்படிக் கறுத்துடும்’ என்றார். ஆஸ்பத்திரியில் புண் கழுவப் பயன்படுத்துகிறார்களே, அதே ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகை நுனியில் தொட்டு, ஒரு இதழின் ஓரத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓரம் வெளுத்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் அக்காவின் படுக்கை அறையில் தொங்கும் படத்தை நினைத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். ‘உடனே போய்ச் சொல்லிடுங்க’ என்றாள். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்ன சொல்வது? ‘அக்கா, நீ பத்தொன்பது வருஷமாகத் தேடிய பூ, நீ பத்தொன்பது வருஷமாகத் தாண்டிப் போன பூதான். என் பேச்சை நம்பித்தான் நீ கெட்டாய்’ என்றா? என்னை வளர்த்ததற்கு அவளுக்கு என்று மிஞ்சியது அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். அதையும் நான் பிடுங்க வேண்டுமா? இப்படி எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போன் வரும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். ‘அடுத்த வாரம் கிடைக்கும்க்கா’ என்று பழைய பாட்டையே பாடிவிட்டு வைத்துவிடுவேன். எட்டு மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் அக்கா ஞாயிறுதோறும் போகிற பேருந்தின் கண்டக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டாவது முகட்டுக்கு அந்தப் பக்கம், ஓடைச் சரிவில், கறுப்பாக ஏதோ பூத்திருப்பதை விறகு லாரிக்காரன் ஒருவன் பார்த்தானாம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு அப்போது வலது முட்டி வீங்கி, மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டரே, ‘இந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்தச் சரிவுல ஏறினீங்கன்னா உங்களைத் தூக்கிக்கிட்டுத்தான் வரணும்’ என்று சொல்லியிருந்தார். ‘தூக்கிட்டு வரட்டும், பூவைப் பார்த்துட்டுத்தானே வருவேன்’ என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த ஒற்றைக்காலும் வீங்காத கால்தான்.

‘இப்பவும் வாயைத் திறக்கலைன்னா நானே போன் பண்ணிச் சொல்லிடுவேன்’ என்றாள் மனைவி. நானும் கூட வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முட்டை அதிகம் அவித்துக்கொண்டு வந்தாள்.

பேருந்தில் சொல்லிவிடுவது என்று திட்டம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கதை சொன்னாள். இங்கே ஒரு தடவை செருப்பு அறுந்தது, இங்கே ஒரு கிழவரின் கையில் கட்டுப் போட்டேன், இங்கே மழைக்கு ஒதுங்கியபோது ஆந்தை பார்த்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. இறங்கினோம், நடந்தோம். முட்டியில் கட்டிய பட்டையோடு அவள் முன்னால் போனாள். கால் மணி நேரத்தில், பாதையோரத்தில் சாய்ந்திருந்த ஒரு மரத்தில் அந்த ஆர்க்கிட் பூத்திருந்தது. படத்தில் இருக்கும் அதே வளைவு, அதே பச்சை. உதடு பளிச்சென்று வெள்ளை. அக்கா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே நடந்தாள்.

“அக்கா, நில்லு.”

“என்னடா, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?”

“இதைப் பாரு.”

“பார்த்தாச்சு. வெள்ளை. வா, வெயில் ஏறுறதுக்குள்ள போகணும்.”

“அக்கா, இதுதான். உன் படத்துல இருக்கிறது இதேதான்.”

அவள் பூவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “உனக்கு என்ன ஆச்சு? அது கறுப்புடா.”

“இல்லைக்கா. அதுல பூசினது வெள்ளை. ஈயத்துல செய்யற வெள்ளை, நாள்பட்டா கறுத்துடும். எனக்கு அப்ப அது தெரியாது. யாராவது மேல பூசியிருக்காங்களான்னு மட்டும்தான் பார்த்தேன். நிறமே மாறியிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. நான்தான்க்கா தப்பாச் சொல்லிட்டேன்.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நிச்சயமாத் தெரியுமா?”

அல்லிப் பூ வெளுத்த கதையைச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “இது எப்ப நடந்துச்சு?” என்றாள்.

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் என்னால் முடியாது, சின்ன வயதிலிருந்தே முடிந்ததில்லை. “எட்டு மாசம் ஆச்சு” என்றேன்.

அவள் முகம் அப்போதுதான் மாறியது. “பத்தொன்பது வருஷம் உனக்குத் தெரியாம நடந்தது. அதுக்கு உன்னைத் திட்டினா நான் மனுஷியே இல்லை. இந்த எட்டு மாசம்? முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு ஏறினேனே. வாரா வாரம் உனக்குப் போன் பண்ணினேனே. ‘அடுத்த வாரம் கிடைக்கும்க்கா’ன்னியே. அதைச் சொன்னது யாருடா?”

அழுகை வந்தது, அழுதேன். நாற்பத்தெட்டு வயசு ஆள், நடுப்பாதையில் நின்றுகொண்டு. அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மெல்ல எழுந்து அந்த மரத்திடம் போனாள். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பூவின் முன்னால் பிடித்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. அந்தப் பூவை ஆயிரம் தடவை கண்டவள், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள்.

“உள்ளே அஞ்சு கோடு இருக்கு” என்றாள். “மஞ்சள் கோடு. நுனியில கொஞ்சம் ரோஸ்.”

“அப்படியாக்கா?”

“உன்கிட்ட சொல்லலை.”

முகட்டுக்குப் போகவில்லை. திரும்பும் பேருந்தில் எனக்கு முன்னால் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு முட்டையும் அவள் பையிலேயே போயின. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து, என் மனைவிக்கு மட்டும் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டுக்குக் கீழே இருக்கும் சலவைக்கடைக்காரரிடம் விசாரித்தேன். ‘அக்கா வீட்லதான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை அவங்க மாடியில நடமாடுறது எங்களுக்கே புதுசா இருக்கு’ என்றார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சர்க்கரை பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று மேஜை இழுப்பறைக்குள் ஆறு மாதமாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவள் ஜன்னல் வரிசையில் நின்றேன். சீட்டோடு வருகிறவனை அவள் விரட்ட முடியாதல்லவா? என் பதற்றத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற ஒரு அம்மாள், ‘பயப்படாதீங்க தம்பி, இவங்க குத்துறதே தெரியாது’ என்று தைரியம் சொன்னார்.

அக்கா சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கையை நீட்டு” என்றாள்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. நான் ‘ஆ’ என்று கத்தியதில் வரிசையே எட்டிப் பார்த்தது. பின்னால் நின்ற அம்மாள் சத்தமில்லாமல் பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்தார். அக்கா பஞ்சை வைத்து அழுத்தியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“முப்பத்து நாலு.”

“என்னக்கா?”

“அந்த எட்டு மாசத்துல முப்பத்து நாலு ஞாயிறு. நோட்டைப் பார்த்துட்டேன். பத்தொன்பது வருஷத்தை உன்னால கொடுக்க முடியாது, நான் கேட்கவும் மாட்டேன். அந்த முப்பத்து நாலு என்னுடையது. அதை நீ தரணும். கூட வந்து நடக்கணும். ‘இது இல்லை’ன்னு எழுதிட்டுப் போன மரத்தையெல்லாம் திரும்பப் போய்ப் பார்க்கணும். ஒரு வாரம்கூடச் சாக்குப்போக்கு சொல்லக் கூடாது.”

“முட்டி என்ன ஆகும்?”

“வெள்ளையெல்லாம் கீழேதானே இருக்கு. எவன் மலை ஏறச் சொன்னது? பஞ்சை அழுத்திப் பிடி. எழுந்திரு, அடுத்த ஆள் வரணும்.”

முதல் சில வாரங்கள் ஜெயிலில் நாள் எண்ணுகிறவன் மாதிரிதான் போனேன். ஞாயிறு ஐந்தே முக்காலுக்குப் பேருந்து பிடிப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அவள் மரம் மரமாகக் கூட்டிப் போனாள். பழைய நோட்டைப் பார்த்து ‘இங்க ஒண்ணு இருக்கணும்’ என்பாள், இருக்கும். நான் மண்டியிட்டு அளக்க வேண்டும், அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால், ‘இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?’ என்று காட்டுக்கே கேட்கும்படி திட்டுவாள். எல்லாப் பூவிலும் ஐந்து கோடு இல்லை. சிலதில் நாலு, ஓடைக்கரை மரத்தில் ஆறு. இது ஏன் என்று அவள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள். அவருக்கும் தெரியவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

பத்தாவது வாரம் இருக்கும், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். “அந்தப் படத்தைக் கொடுத்தியானா, உதட்டை வெள்ளையாக்கித் தர்றேன்க்கா. பத்து நிமிஷ வேலை.”

“தொட்டா கையை ஒடிச்சுடுவேன்” என்றாள். பிறகு தன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டாள். “எனக்குக் கறுப்பு வெள்ளையாச்சு, அதுக்கு வெள்ளை கறுப்பாச்சு. ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. நீ ஒண்ணையும் சரிபண்ண வேணாம்.”

எப்போது என்று தெரியாது, நான் நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமையே செருப்பை மாற்றி ஷூவை எடுத்து வைத்துவிடுகிறேன் என்று மனைவி கேலி செய்கிறாள். பிறகு ஒரு நாள் மறுபடியும் எண்ணத் தொடங்கினேன், இந்த முறை வேறு பயத்தில். முப்பத்து நாலு முடிந்தால்? முட்டியோடு அவள் தனியாகப் போவாளா? இல்லை, போவதையே விட்டுவிடுவாளா? இன்னும் வரட்டுமா என்று நானாகக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா?

போன ஞாயிறு, நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தோம். அவள் நோட்டை மடியில் விரித்துத் தேதி எழுதினாள். பக்கத்துக்கு மேலே எத்தனையாவது ஞாயிறு என்று எழுதுவது வழக்கம்.

“இன்னைக்கு எத்தனைடா?” என்று கேட்டாள்.

இருபத்தெட்டு. எனக்கு நன்றாகத் தெரியும்.

“இருபத்தேழு” என்றேன்.

அவள் ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். போன வாரப் பக்கத்தின் தலையில் அவள் கையாலேயே எழுதிய இருபத்தேழு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா, இருபத்தேழுதான்” என்றாள் அக்கா. பேனாவைத் திறந்து, போன வாரத்து எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்தாறு என்று எழுதினாள்.